ரஹீம் பாய் தன் வாயால் சொன்ன நாள்

எம்.எஸ்ஸி. படிக்க வந்த பிள்ளைகளை மேய்த்தவன் நான். நான் படித்தது எட்டாம் வகுப்பு. இதைச் சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் கூச்சம் இருந்ததில்லை. படித்தவர்கள்தான் என்னைக் கேட்டுவிட்டுக் கூச்சப்படுவார்கள்.

போன மாதம் கவிதா போன் செய்தார். நான் வேலை பார்த்த பேச்சுப் பயிற்சி மையத்தில், பயிற்சிக்கு வரும் மாணவர்களை இப்போது மேற்பார்வை செய்பவர் அவர்தான்.

"அண்ணே, கண்ணாடி ரூமை எடுத்துட்டோம். இனிமே எல்லாம் கேமரா. போன்லயே பாத்துக்கலாம்."

"கண்ணாடியை என்னம்மா செஞ்சீங்க?"

"அது கெடக்கு ஸ்டோர்ல. அந்த ரூமுல என்னெல்லாம் நடந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"எழுதறதா? நான் பேசினா நிறுத்த மாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"அதத்தாண்ணே எழுதச் சொல்றேன்."

சரி, எழுதுகிறேன்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தை விட்டதும் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினேன். பிறகு தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். டாக்டர் காதில் பார்ப்பதை நானும் எட்டிப் பார்ப்பேன். காது மெஷினுக்கு அச்சு எடுப்பது, அதைத் தேய்த்து அளவாக்குவது, பழுது பார்ப்பது எல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றேன். தஞ்சாவூர் ஜில்லாவில் காதுக்கு அச்சு எடுக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இதை மறுக்கிறவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஒரு டிரஸ்ட்காரர்கள் செவித்திறன், பேச்சுப் பயிற்சி மையம் ஆரம்பித்தபோது என்னை அட்டெண்டராக எடுத்தார்கள். ஓய்வு பெறும்போது கிளினிக் பொறுப்பாளர் என்று கதவில் என் பெயர் இருந்தது.

நான் சொல்லும் காலம், தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். டெல்டாவில் எந்த வீட்டைத் தட்டினாலும் ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பண்ணையாட்கள் வைத்திருந்தவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பணத்தில் மாடி வீடுகள் எழும்பின. அதே விமானத்தில், வேலைக்குப் போன இடத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களும் திரும்பி வந்தார்கள். அவர்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க சென்னையிலிருந்தும் மைசூரிலிருந்தும் மேற்படிப்பு மாணவர்கள் போஸ்டிங் என்று வந்து தங்கிவிட்டுப் போவார்கள்.

எந்த நோயாளி எந்த மாணவருக்கு என்று பிரித்துக் கொடுப்பது நான். தங்குவதற்கு இடம் பிடிப்பது, பஸ் சொல்லிக் கொடுப்பது, அழுதால் டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் நான்தான். பாடம் சொல்லிக் கொடுப்பது மட்டும் வசந்தா மேடம்.

மேடத்தைப் பற்றிச் சொல்லும் முன் கண்ணாடியைச் சொல்ல வேண்டும். மாணவர் நோயாளியோடு பயிற்சி அறையில் இருப்பார். மேற்பார்வையாளர் அடுத்த அறையில் இருந்து பார்க்க வேண்டும், ஆனால் அவர் பார்ப்பது தெரியக்கூடாது. அதற்கான கண்ணாடியை வெளியூரிலிருந்து வரவழைக்க ஏகப்பட்ட செலவாகும் என்றார்கள். நான் கீழவாசலில் கார்களுக்கு வெயில் தாள் ஒட்டுகிற பையனைக் கூட்டிவந்து, சாதாரணக் கண்ணாடியில் அந்தத் தாளை ஒட்ட வைத்தேன். பயிற்சி அறையில் இரண்டு டியூப் லைட், பார்க்கிற அறையில் இருட்டு. அவ்வளவுதான் சூத்திரம். இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் பேய் மாதிரி தெரியும். அதனால் வெள்ளை உடைக்குத் தடை போட்டேன். கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும். அதனால் பயிற்சி முடியும் வரை உள்ளே போனவர் வெளியே வர முடியாது. டிரஸ்ட் தலைவரையே ஒருமுறை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

வசந்தா மேடம் பேசி நான் கேட்டது குறைவு. பேச்சுப் பயிற்சிக்குத் தலைமை, ஆனால் வாயே திறக்க மாட்டார். இருட்டில் எழுத முடியாது என்பதால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். மடியில் இரண்டு டப்பா, சத்தம் வராமல் அடியில் துணி. பக்கத்தில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. மாணவர் வாய் திறந்தால் இடது டப்பாவில் ஒரு கொட்டை. நோயாளி வாய் திறந்தால் வலது டப்பாவில் ஒரு கொட்டை. பயிற்சி முடிந்ததும் மாணவரைக் கூப்பிட்டு இரண்டு டப்பாவையும் அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். திட்ட மாட்டார். இடது டப்பா வழிந்து வலது டப்பா காலியாக இருப்பதைப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் தானாகவே தலையைக் குனிந்துகொள்ளும். அந்தக் கொட்டைகளை எல்லாம் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது என் வீட்டு அடுப்பங்கரை.

இப்போது ரஹீம் பாய் கதைக்கு வருகிறேன்.

அதிராம்பட்டினத்துக்காரர். துபாயில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையிலேயே விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் செத்துப்போய், பேச்சும் போய், ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாம் சொல்வது எல்லாம் புரியும். சொல்ல நினைப்பதும் மனதில் இருக்கும். வாயில் வருவது மட்டும் ஒரே வார்த்தை, "போடு போடு". தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், மின்விசிறியை நிறுத்து என்றாலும் அதுதான். பாய் கடையில் வேலையாட்களிடம் நாள் பூராவும் சொன்ன வார்த்தை அது என்று அவருடைய சம்சாரம் ஹமீதா அம்மா சொன்னார்.

முதல் நாளே ஹமீதா அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளைக்கும் துபாய்தான் வேலை. அவருக்கு லீவு கிடைக்கும்போது தேதி. தள்ளிப் போட முடியாது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணைத் தந்தேன் என்று சொல்ல வேண்டியவர் தகப்பனார்.

கூட வந்திருந்த ஹமீதா அம்மாவின் தம்பி சாதிக் குறுக்கே பேசினார். "லாத்தா, பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட நான் கேட்டுட்டேன். மச்சான் தலையாட்டினா போதும், ஹஜரத்தே மச்சானுக்குப் பதிலா வக்கீலா நின்னு சொல்லிடுவாரு. மார்க்கத்துல அதுக்கு வழி இருக்கு. இவங்கள ஏன் கஷ்டப்படுத்துறீங்க?"

ரஹீம் பாய் இடது கையால் மேஜையில் ஓங்கி அடித்தார். "போடு போடு!" என்றார். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. தலையாட்டுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் எங்களிடம் வந்தது அதற்குத்தான்.

இவரை ரேவதிக்குக் கொடுத்தேன். அந்தப் போஸ்டிங்கில் வந்தவர்களிலேயே கெட்டிக்காரப் பெண். பாபநாசம் பக்கத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். நிலத்தை விற்றுச் சென்னைக்குப் போனவர்கள். அம்மா பள்ளிக்கூட டீச்சர். என் கணிப்பு தப்பாது. ஆள் பொருத்தம் பார்ப்பதில் நான் ஜோசியர்களைவிட மேல்.

ரேவதி நன்றாகவே செய்தாள். சில வாரங்களில் ரஹீம் பாய் வாயிலிருந்து வார்த்தைகள் வந்தன. சட்டை, சாவி, சோறு, நஸ்ரின். மேடத்தின் வலது டப்பா நிரம்பியது. ஹமீதா அம்மா எங்கள் எல்லாருக்கும் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தார். நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன். மேடம் மட்டும் சாப்பிடவில்லை.

"என்ன மேடம், டப்பா ரொம்பிடுச்சே?" என்று கேட்டேன்.

"இன்னொரு டப்பா கொண்டாங்க" என்றார்.

என் வீட்டிலிருந்து ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். அடுத்த பயிற்சியில் நானும் இருட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரஹீம் பாய் வார்த்தை சொல்லச் சொல்ல, கொட்டைகள் எல்லாம் மூன்றாவது டப்பாவுக்கே போயின. எனக்குப் புரியவில்லை. மேடம் கண்ணாடியில் விரலை வைத்து ரேவதியின் வாயைக் காட்டினார்.

நம் பள்ளிக்கூடங்களில் டீச்சர்கள் எப்படிப் பாடம் நடத்துவார்கள்? "இது என்ன? தென்னை ம..." என்று இழுப்பார்கள். வகுப்பே "மரம்" என்று கத்தும். டீச்சர் பாதி, பிள்ளைகள் மீதி. நாம் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். ரேவதி டீச்சர் மகள். சாவியைக் காட்டி, "சா..." என்று தொடங்குவாள். ரஹீம் பாய் அந்த உதட்டைப் பார்த்து "சாவி" என்பார். சத்தம்கூட வேண்டாம், வாயைத் திறந்தாலே போதும். அவள் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் வராது. அவர் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, அவள் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்ததும் மேடம் மூன்றாவது டப்பாவை ரேவதி முன்னால் வைத்தார். ரேவதி ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு தன் உதட்டைத் தொட்டுக்கொண்டாள்.

"மேடம், நிக்காஹ்ல பொம்பளைங்க தனியாதானே உக்காருவாங்க?"

"மாடியில" என்றார் மேடம்.

"அப்ப நான் அவர் கண்ணுக்கே தெரிய மாட்டேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் ரேவதி முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆபரேஷன் தியேட்டரில் கட்டுவார்களே, அது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ரஹீம் பாய் அவள் முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "போடு போடு" என்று கத்திக்கொண்டு படங்களை எல்லாம் தள்ளிவிட்டார். பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார். ரேவதி அழ ஆரம்பித்துவிட்டாள். எழுந்து உள்ளே ஓடப் பார்த்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்று ஹமீதா அம்மாவிடமும் மேடம் ஒரு கட்டளை போட்டார். வீட்டிலும் யாரும் பாதி வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஹமீதா அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணின்னு கேக்க வாய் வராம மனுசர் தவிக்கிறாங்க. நான் 'தண்'னு சொல்லிக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிடுவேன்?"

"நீங்க சொல்லிக் குடுத்தா தண்ணி வரும். பேச்சு வராது" என்றார் மேடம். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு வேறு மாதிரி தொடங்கினார்கள். ரஹீம் பாயின் இடது கை நன்றாக இருந்தது. அந்தக் கையால் தொடையில் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டாக, கொஞ்சம் ராகமாக இழுத்துச் சொல்ல வேண்டும். பேச்சு போனவர்களுக்கும் ராகம் பல சமயம் போகாது. அந்த ராகத்தின் கதவு வழியாகப் பேச்சைக் கூட்டிவரும் வேலை இது. முதலில் ரேவதி அவர் கையைப் பிடித்துத் தட்டினாள். பிறகு அவர் தட்ட, அவள் கூடச் சொன்னாள். பிறகு அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். தொடக்கம் அவருடைய கையிலிருந்தே வர வேண்டும் என்பதுதான் கணக்கு. பொறுமை என்றால் என்ன என்று அந்தப் பெண்ணிடம் பார்த்தேன். இப்போது சிங்கப்பூரில் பெரிய வேலையில் இருக்கிறாள். யார் பொறுக்கி எடுத்த ஆள்?

ஆண்களுக்கு நடுவில் சொல்லிப் பழக வேண்டும் என்று மேடம் சொன்னார். அந்த ஏற்பாடு என்னுடையது. காத்திருப்பு அறையில், காது மெஷினுக்குப் பேட்டரி வாங்க வந்தவர்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாமார்கள் என்று எல்லா ஆண்களையும் தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தேன். மாப்பிள்ளை நான்.

சாதிக் வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னார். "மாப்ளைக்கு வயசு கொஞ்சம் கூடுதலா இருக்கே, தொப்பையும் இருக்கு."

"சம்பளம் நல்லா இருக்குல்ல, சும்மா இருங்க" என்றேன்.

ரஹீம் பாய் கையை நீட்டினார், இடது கையை. வலது கை தொங்கிக் கிடப்பதில் அவருக்கு வெட்கம். சாதிக் சிரிப்பை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். "மச்சான், இதுக்கு இடது கை வேணாம். நீங்க மடியிலயே வைங்க. மாப்ள வந்து எடுத்துக்குவாரு." நான் அந்தச் செத்த கையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன். ஆகவே இடது கை தட்டுவதற்கு மிச்சமாயிற்று. கடவுள் போட்ட கணக்கு என்று அப்போதே சொன்னேன்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'என் மகள் நஸ்ரினை, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்.' மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் தொகை. தட்டினார். "என் மகள்..." என்று வந்தது. தட்டினார். "ஹமீதாவை..."

அறையே சிரித்தது. ஹமீதா அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "என்னையவே கட்டிக் குடுத்துட்டீங்களா?" என்றார். ரஹீம் பாயும் சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று ஹமீதா அம்மா பிறகு சொன்னார். ஆனால் ரேவதி சிரிக்கவில்லை. பேச்சு போனவர்களுக்கு ஒரு பெயருக்குப் பதில் பக்கத்துப் பெயர் வந்து விழும். மேடையில் அப்படி வந்தால் என்ன ஆகும்?

அதன் பிறகு தன் மகளை எனக்கு எத்தனையோ தடவை கட்டிக் கொடுத்தார். சில நாள் நஸ்ரின், சில நாள் ஹமீதா, ஒருநாள் அவருடைய அக்கா பெயர். கடைசி வாரத்தில் சரியாக வந்ததே அதிகம். ஆனால் எல்லாத் தடவையும் அல்ல.

அந்த நாளும் வந்தது. வாடகை வேனில் நான், மேடம், ரேவதி மூவரும் அதிராம்பட்டினம் போனோம். மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். மேடமும் ரேவதியும் மாடிக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கேட்பது ஒலிபெருக்கி மட்டும்தான். ரஹீம் பாய்க்கு எதிரே, அவர் கண்ணில் படும்படி நான் உட்கார்ந்தேன். முன்வரிசையில் இடம் பிடிக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

எல்லாவற்றையும் பழக்கினோம். மைக்கைப் பழக்கவில்லை.

மாப்பிள்ளை நல்ல பையன். அந்தக் கையை மடியிலிருந்து பக்குவமாக எடுத்துக்கொண்டான். ஹஜரத் மைக்கை ரஹீம் பாயின் வாய்க்கு நேரே பிடித்தார். ரஹீம் பாய் மூச்சை இழுத்தார். அந்த மூச்சே மண்டபம் முழுக்க புயல் மாதிரி கேட்டது. திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். தொடையில் வைத்த கை அப்படியே நின்றது.

எங்கோ ஒரு குழந்தை அழுதது. ரஹீம் பாய் என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாய் தானாகத் திறந்தது. 'எ' என்று உதட்டைக் காட்டினால் போதும், வந்துவிடும். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஹஜரத் வயதானவர், இளகிய மனசு. குனிந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். "சொல்லுங்க பாய், என் ம..."

ஒலிபெருக்கியில் அது மாடிக்கும் போயிற்று. போச்சு என்று நினைத்தேன்.

ரஹீம் பாய் ஹஜரத்தைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தார். கோபமாக அல்ல, மரியாதையாக. ஹஜரத் புரிந்துகொண்டு மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ரஹீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார். யார் உதட்டையும் பார்க்கவில்லை. கை தொடையில் தட்டியது.

"என் மகள்."

தட்டு.

"நஸ்ரினை."

எனக்கு உயிர் வந்தது. மீதி எல்லாம் மெல்ல மெல்ல, ராகமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மஹர் வந்தது, நிக்காஹ் வந்தது. "தந்தேன்" என்றபோது சாதிக் என் பக்கத்தில் விம்மிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னான். ஹஜரத் துஆ ஓதக் கையை உயர்த்தினார்.

மாப்பிள்ளையால் உயர்த்த முடியவில்லை. ரஹீம் பாய் அந்தச் செத்த கைக்கு மேல் தன் இடது கையையும் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டுகிற கை அது. இப்போது தட்டுவதற்குக் கை இல்லை. அவர் வாய் அசைந்தது. மைக் இன்னும் பக்கத்திலேயே இருந்தது.

"பாத்துக்குங்க" என்றார்.

"சரி மாமா" என்றான் பையன்.

வேனில் திரும்பினோம். பட்டுக்கோட்டை நெருங்கும்போது மேடம் கேட்டார்.

"கடைசியா ஒண்ணு சொன்னாரே, அது நீ பழக்கினதா?"

"இல்ல மேடம்" என்றாள் ரேவதி. "நீங்களா?"

"நானும் இல்ல." மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

எதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லிப் பழகியவன் நான். அன்று இல்லை என்று தலையாட்டினேன்.

மேடம் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். ரேவதி அவர் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அப்போதுதான் வயிறு பசித்தது. மாடியில் பெண்கள் இருவரும் பிரியாணி சாப்பிட்டிருந்தார்கள். நான் பந்தியில் உட்காரவே இல்லை, அழுதுகொண்டிருந்த சாதிக்குக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பட்டுக்கோட்டையில் வேனை நிறுத்தச் சொல்லி, பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். மேடம்தான் எனக்கு இலை போட்டு எடுத்துவைத்தார்.